இரண்டாவது மடிப்பு

நீ விட்ட இரண்டாவது மடிப்பையும் அவிழ்த்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் யன்னலடிக் கதிரையில் இருந்துகொண்டு, பிளேட்டின் நுனியால் ஒவ்வொரு தையலாக வெட்டி நூலை இழுத்தேன். ஒன்றுக்கு இரண்டு சுற்றுத் தைத்திருக்கிறாய். பிறகு அவிழ்ப்பதற்கென்றே விட்ட மடிப்பை இவ்வளவு இறுக்கமாகவா தைப்பது? நகம் ஒன்று உடைந்தது. உன்னைத் திட்டிக்கொண்டுதான் அவிழ்த்தேன். சட்டையின் கரை இறங்கியபோது, மடிப்புக்குள் இருந்த துணி நீ தைத்துத் தந்த அன்றைய கடும் நீலத்திலேயே இருந்தது. மற்ற இடமெல்லாம் வெயிலிலும் சவர்க்காரத்திலும் வெளுத்துப்போய்விட்டது. அந்த நீலப் பட்டையை மூக்கடியில் பிடித்தேன். எத்தனையோ தரம் தோய்த்த சட்டை, மணம் இருக்க நியாயமில்லை. ஆனாலும் சோக்கட்டியும் மிஷின் எண்ணெயும் கலந்த உன் முன்னறை மணந்தது. எனக்கு மணந்தது, அவ்வளவுதான்.

என் மகளுக்கு இப்போது இரண்டு வயதும் எட்டு மாதமும். நீ கடைசியாகக் கண்டபோது அவளுக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. சுவரில் போய் முட்டித்தான் நிற்பாள். இப்போது நன்றாக நிற்கிறாள். நின்று வாதாடுகிறாள். மூன்று மாதமாக வீட்டில் ஒரே ஒரு சொல்தான்: "நான்தான்!" செருப்பு நான்தான். தண்ணீர்ப் பைப் நான்தான். நான் தெரியாத்தனமாகப் பைப்பைத் திறந்துவிட்டால், அதை மூடிவிட்டு, முதலிலிருந்து தானே திறந்தால்தான் கை கழுவுவாள். இடது செருப்பை வலது காலில் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் பெரிய மனுஷி மாதிரி நடக்கிறாள். மாற்றிப் போடு என்று சொல்லிப் பார். நீயென்றால் சிரித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் காத்திருப்பாய். நான் பள்ளிக்கூடத்துக்குப் பிந்துகிற ரீச்சர். எனக்குப் பொறுமை குறைவு என்பது உனக்குத் தெரியாததா.

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். கரை இறக்கிய சட்டையை அவளுக்குப் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டேன். கையை நுழைத்தாள். முன்பக்கத்தில் நீ வைத்த ஐந்து தெறிகளையும் பூட்டிவிடலாம் என்று குனிந்தேன். பொத்தான் என்று எழுதினால் நீ சிரிப்பாய், எங்களுக்கு அது தெறிதான். என் கையைத் தட்டிவிட்டாள்.

"விடுங்கோ அம்மா. நான்தான்!"

விட்டேன். நாக்கு நுனி வெளியே வந்தது. முதல் தெறியை ஓட்டைக்குள் தள்ளி, மற்றப் பக்கத்தால் இழுத்து எடுத்தாள். இரண்டாவது. மூன்றாவதை நாலாவது ஓட்டையில் கொண்டுபோய்ச் செருகினாள். தானே கண்டுபிடித்துக் கழற்றினாள். என் கை இரண்டும் தானாக எழும்பி எழும்பி வந்தன. அவற்றைத் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் இருந்துகொண்டேன். கடைசித் தெறி வயிற்றடியில். வயிறு தள்ளிக்கொண்டு இருப்பதால் அவளுக்கு அது தெரியவில்லை. விரலால் தடவித் தடவிப் பூட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "முடிஞ்சுது" என்றாள்.

ஒரு தெறியைக்கூட நான் தொடவில்லை. நான் எழும்பி, உன் வீட்டுப் பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி, உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன். நீ போய் ஒரு வருடம். அந்த அறையில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

உனக்கு நினைவிருக்கும், அவளுக்கு ஆறு மாதமானபோது எனக்கு லீவு முடிந்தது. புல்மோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு விடியப் பஸ் பிடித்தால்தான் மணி அடிக்க முன் போய்ச் சேரலாம். இவர் ஆழ்கடல் படகில் எஞ்சின் பார்ப்பவர். துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்டால் இருபது நாளைக்கு முகம் காண ஏலாது. பிள்ளையை யாரிடம் விடுவது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டு இருந்த நேரம், நீ வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாய். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாம். சல்லிக் கிராமத்தில் இருந்து சைக்கிளில் வந்து படித்தவள் நீ. கலியாணம் செய்து போய், இரண்டு வருடத்தில் திரும்பி வந்து, பாலையூற்றில் என் வீட்டுக்குப் பக்கத்து முன்னறையை வாடகைக்கு எடுத்துத் தையல் மிஷின் போட்டிருந்தாய். ஏன் திரும்பி வந்தாய் என்று ஊர் கேட்டது. எனக்கு மட்டும் ஒருமுறை, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு சொன்னாய்: "பிள்ளை இல்லையெண்டு போகச் சொன்னவை."

அன்றைக்கு வேலிக்கு மேலால் நீ சொன்னது இது: "இஞ்ச விட்டிட்டுப் போ. எனக்கு ஒரு காலுக்கு மிஷின், மற்றக் காலுக்கு ஏணை."

நான் பகிடி என்று நினைத்தேன். நீ உண்மையாகவே அவள் கிடந்த ஏணைச் சீலையில் ஒரு கயிற்றைக் கட்டி, அதை இடது காற்பெருவிரலில் மாட்டிக்கொண்டு, வலது காலால் மிஷினை மிதித்தாய். அவள் தவழத் தொடங்கியதும் ஏணையை அவிழ்த்துவிட்டு, நிலத்தில் விழுந்த ஊசிகளைத் தேடக் காந்தம் ஒன்று வாங்கினாய். மிஷினை விட்டு எழும்பும் ஒவ்வொரு முறையும் சில்லில் இருந்து பெல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் எழும்புவாய், அவள் மிதியில் ஏறிவிடுவாள் என்று. ஒரு நாளைக்கு நாற்பது தரம் கழற்றி நாற்பது தரம் மாட்டியிருப்பாய். வாயில் போட்டு விழுங்காமல் இருக்கப் பெரிய கோட்டுத் தெறிகளாய்த் தேடி, தடித்த நூலில் கோத்து, முடிச்சுப் போட்டு அவளுக்கு விளையாடக் கொடுத்தாய். அந்த மாலையின் கிலுகிலுச் சத்தம் நான் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே கேட்கும். உன்னைச் சித்தி என்று கூப்பிடப் பழக்கினாய். அவள் தித்தி என்றாள்.

எட்டாவது மாதம் முதற்பல் வந்தது. பள்ளிக்கூட இடைவேளையில் உன் அழைப்பு.

"எடியே, பல்லு! கீழ்ப் பல்லு! கரண்டி 'டிங்' எண்டுது. முதலில கரண்டிதான் உடைஞ்சுபோச்சோ எண்டு பார்த்தனான்."

ஆசிரியர் அறையில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் குச்சவெளியில் தொடங்கிய அழுகை நிலாவெளி தாண்டியும் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த மனுஷி, நான் செத்த வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து, என் முதுகைத் தடவிவிட்டா. வந்து உன் வாசலில் நின்று நான் சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"ஏன் உடன சொன்னனி? பேசாம இருந்திருந்தா நான் வந்து கண்டிருப்பன்தானே? என்ர பிள்ளையின்ர பல்லை நான் ரெலிபோனிலயா காணுறது?"

"சரியடி. இனிச் சொல்லேல்லை" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் குசினியில் நீதான் மாக் குழைத்தாய். பல்லுக்கொழுக்கட்டை. ஒவ்வொரு கொழுக்கட்டையிலும் தேங்காய்ச் சொட்டைப் பல்லு மாதிரிச் செருகி அவித்தோம். வெள்ளைச் சீலை விரித்து அவளை இருத்தி, தலையில் மெல்லக் கொட்டினோம். அவள் ஒன்றை எடுத்து என் மேலேயே எறிந்தாள். பிறகு தட்டத்தை முன்னால் வைத்தோம். கொப்பி, கண்ணாடி, காப்பு, பேனை. எதைத் தொடுகிறாளோ அந்த வழியில் போவாள் என்று கணக்கு. நான் ரீச்சர் அல்லவா, உனக்குத் தெரியாமல் பேனை இரண்டு வைத்தேன். நீ கண்டுவிட்டாய், சிரித்தாய். அவள் தட்டத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்கு மேலால் தவழ்ந்துபோய், உன் கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு நாடாவைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, நாடாவில ஆறு இஞ்சி விழுங்கிப்போட்டாள்" என்று நீ கத்தினாய்.

நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் சுட்டது. பெற்றவள் நான், நாடா உன்னுடையது. அதை இன்றைக்குச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என்றாலும் சொல்லுகிறேன்.

அந்தப் பல்லுக்குப் பிறகு நீ எனக்கு ஒருநாளும் போன் எடுக்கவில்லை. அதிசயமாக, அதற்குப் பிறகு அவள் புதிதாகச் செய்தது எல்லாம் என் கண் முன்னாலேயே நடந்தது. பிடித்துக்கொண்டு எழும்பி நின்றது ஒரு ஞாயிறு. கை தட்டியது நான் பள்ளிக்கூடத்தால் வந்து பிளாஸ்டிக் கூடையை வைத்த நிமிஷம். முதல் எட்டு வைத்தது ஒரு சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமை நீ என்னைக் காலையிலேயே கூப்பிட்டாய். உனக்குச் சனிக்கிழமைதான் சனம் அதிகம். மிஷின் மூடிக் கிடந்தது. வெட்டு மேசை சுவரோடு தள்ளியிருந்தது. நிலம் துடைத்து, ஒரு நூல் துண்டுகூட இல்லை. அதிலெல்லாம் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, அவ்வளவு கெட்டிக்காரி நான். "நீ அந்தக் கதவடியில இரு" என்றாய். இருந்தேன். அவளை மிஷினடியில் நிறுத்திக் கையை விட்டாய். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு ஐந்து எட்டு வைத்து வந்து என் மடியில் விழுந்தாள்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நீ வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "ஓமா! எப்ப பழகினவள்?" என்றாய்.

"எனக்காக வைச்சிருந்தவளடி! எனக்காக வைச்சிருந்து நடந்தவள்!"

"ஓம். உன்னைக் கண்டாப் பிறகுதான் அவளுக்கு நடக்க மனம் வந்திருக்கு" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. பொறாமை என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த செவ்வாய் பஸ்ஸில் நம் ஒழுங்கை அக்கா, நிலாவெளி ஆஸ்பத்திரியில் வேலை செய்பவ, எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தா. "ரீச்சர், உங்கட பெட்டைப் பிள்ளை என்ன நடை! போன திங்கள் எனக்கு லீவு, மத்தியானம் பிளவுஸ் எடுக்கப் போனனான். மிஷினில இருந்து கதவு வரைக்கும் தன்ர பாட்டுக்கு நடந்து வந்தவள். அண்டைக்குத்தான் முதல்முதல் நடந்தவளாம்." பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டா. "ஐயோ, உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னவ."

திங்கள் நடந்தவள். சனி வரைக்கும் ஐந்து நாள். நான் பின்னேரம் வந்து கேட்டபோதெல்லாம் நீ அவளைத் தோளில் போட்டபடிதான் தந்தாய் என்பது அப்போதுதான் உறைத்தது. புதன்கிழமை அவள் இறங்கப் பார்த்து உன் கைக்குள் வளைந்து நெளிந்தாள். "நிலம் ஈரம்" என்று நீ அவளை இன்னும் இறுக்கிப் பிடித்தாய். நிலம் காய்ந்துதான் கிடந்தது.

அன்று பின்னேரம் உன் வாசலில் நின்று நான் கத்தியது நம் ஒழுங்கைக்கே கேட்டிருக்கும்.

"ஊருக்கெல்லாம் தெரியும், பெத்தவளுக்குத் தெரியாது! எனக்கு நாடகம் போட்டுக் காட்டினனியா? ஒரு தாய்க்கு அது என்ன எண்டு உனக்கு என்ன தெரியும்? உனக்கெண்டு ஒண்டு இருந்தாத் தெரியும்!"

நீ ஒரு சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டு இருந்தாய். உன் கால் நின்றது. சில்லு மட்டும் தன் பாட்டில் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. நீ என்னைப் பார்க்கவில்லை. நிலத்தில் தெறி மாலையை இழுத்துக்கொண்டு இருந்த பிள்ளையைத்தான் பார்த்தாய். பிறகு நூலைக் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாய்: "நாளைக்கு விடிய பால்மா கொண்டு வா. முடிஞ்சுது."

கொண்டு வந்தேன். வேறு வழி? பிள்ளையையும் பால்மாவையும் உன் கையில் தந்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன். நீ வழமைபோல அவள் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாய்.

ஒரு கிழமை கழித்து, குச்சவெளியில் பஸ் நின்ற நேரம், "சரியடி. இனிச் சொல்லேல்லை" என்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. சொல்ல வேண்டாம் என்று கேட்டவளே நான். நீ கேட்டபடி செய்தாய், அவ்வளவுதான். அன்றைக்கு நான் கத்தியபோது, "நீதானேடி சொல்ல வேண்டாமெண்டனி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். நீ சொல்லவில்லை. பஸ்ஸால் இறங்கினவுடன் மன்னிப்புக் கேட்பது என்று முடிவோடு வந்தேன். உன் வாசலில் யாரோ பிளவுஸ் அளவு கொடுத்துக்கொண்டு நின்றா. "இண்டைக்குச் சாப்பிட்டவளா?" என்று மட்டும் கேட்டேன். அடுத்த நாளும் அதையே கேட்டேன். ஒருவரோடு ஒருவர் பழையபடி கதைத்துச் சிரித்தோம், பகிடி விட்டோம். அந்த ஒரு வசனம் மட்டும் நடுவில் கிடந்தது. நீயும் அதைத் தாண்டித்தான் போனாய், நானும் தாண்டித்தான் போனேன்.

பொங்கலுக்கு நீ இந்த நீலச் சட்டையைத் தந்தாய். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. கரையில் மூன்று மடிப்பு. "ஒண்டொண்டா இறக்கு. நாலு வயது வரைக்கும் போடலாம்" என்றாய். நான் குறை கண்டுபிடிக்காமல் இருப்பேனா? "பெட்டையளுக்குப் பின்னாலதானே தெறி வைக்கிறது?" என்று கேட்டேன்.

"பின்னால வைச்சா ஆராவது பூட்டிவிட வேணும். முன்னால எண்டா தானே பூட்டுவாள்."

"இவளோ? எப்ப?"

"பூட்டுவாள். பார்த்துக்கொண்டிரு."

பங்குனியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். மூன்றாவது நாள் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். சின்னப் பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள் என்று அவளை அந்த ஒழுங்கை அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் வந்தேன். நுளம்பு வலைக்குள் கிடந்தாய். கையில் சேலைன் ஏறிக்கொண்டு இருந்தது. வரும் வழியெல்லாம் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான் வாயைத் திறக்க முன் நீ கேட்டுவிட்டாய்.

"பெட்டை இண்டைக்கு என்ன செய்தவள்?"

அன்றைக்கு அவள் ஒன்று செய்திருந்தாள். முதல் தடவையாக. அது என்ன என்று கடைசியில் சொல்லுகிறேன். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பிறகு, வீட்டுக்கு வந்து நீயே உன் கண்ணால் காணட்டும் என்று நினைத்தேன். எனக்கு நீ செய்ததை உனக்கு நான் ஒரு தடவை செய்து காட்டலாம் என்று நினைத்தேன். மன்னிப்பு அதிலேயே வந்துவிடும், வாயால் கேட்கும் சங்கடமும் இல்லை என்று என் கெட்டித்தனம் சொன்னது.

"ஒண்டுமில்லை. வழமைபோலத்தான்" என்றேன்.

நீ என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாய். இந்தப் பொய்யில் நீ பழம் தின்று கொட்டை போட்டவள், கண்டுபிடித்திருப்பாய். அடுத்த நாள் விடிய உன் தம்பி எனக்குப் போன் எடுத்துச் சொன்னான். சல்லிக்குக் கொண்டுபோய் எல்லாம் முடித்தார்கள். ஒரு கிழமை கழித்து அவனே சின்னப் பட்டா லொறியில் வந்து மிஷினை ஏற்றிக்கொண்டு போனான். பெல்ட் கழற்றியபடிதான் இருந்தது.

அவளுக்கு உன்னைத் தெரியாது. இதை எழுதக் கை வரவில்லை, என்றாலும் உன்னிடம் இனி எதையும் மறைப்பதாக இல்லை. போனில் உன் படத்தைக் காட்டினால், "ஆர் இது?" என்று கேட்கிறாள். தித்தி என்று சொல்லிக் கொடுத்தால் தித்தி என்கிறாள். பிறகு படத்தைத் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறாள். எனக்கு இப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்துவிட்டது. பிள்ளைகளைப் பார்க்கும் இடத்தில் அவளை விட்டு, மத்தியானமே எடுத்துவிடுகிறேன். இப்போது எல்லாவற்றையும் முதலில் காண்பவள் நான். அதைத்தானே நான் கேட்டுக் கத்தினேன்? கிடைத்துவிட்டது. காண்பதைச் சொல்லத்தான் ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை குசினிக்குள் போனவள் அங்கே நிற்க ஏலாமல் போனை எடுத்தேன். இவர் கடலில். படகு முதலாளி வீட்டில் ரேடியோ இருக்கிறது. காலையும் பின்னேரமும் படகோடு கதைப்பார்கள். அவசரம் என்றால் செய்தி சொல்லலாம். முதலாளியின் மனைவி எடுத்தா.

"சொல்லுங்கோ ரீச்சர். ஏதும் அவசரமோ?"

மகள் தெறி பூட்டினவள் என்று நடுக்கடலுக்குச் செய்தி அனுப்பிய முதல் ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன். வாய் வரை வந்தது. அப்போதுதான் ஒன்று யோசித்தேன். நான் ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் தவறவிட்டதற்குப் பஸ்ஸில் அழுதவள். இந்த மனுஷன் இருபது இருபது நாளாகத் தவறவிடுகிறவர். பல்லையும் நடையையும் சொல்லையும் நான் சொல்லித்தான் அறிந்தவர். ஒருநாளும் ஒரு முறைப்பாடு சொன்னதில்லை. நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

"இல்லை... எப்ப வருகினம்?" என்றேன்.

"வியாழன் கரைக்கு வந்திடுவினம்."

போனை வைத்த கையோடு பயம் பிடித்தது. உன்னிடம் ஒருமுறை இப்படித்தான் வைத்துக்கொண்டு இருந்தேன், நீ காணாமலே போய்விட்டாய். புதன்கிழமை காலமில்லாத மழை ஒன்று கடற்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் முற்றத்து முருங்கை ஒடிந்தது. நான் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ஒரு மனம். பிள்ளையோ ஒன்றும் தெரியாமல் நாள் முழுக்கத் தெறியைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். நீ ஐந்து நாள் இதை எப்படி வைத்துக்கொண்டு இருந்தாய்? நான் இரண்டு நாளில் பாதி ஆள் ஆகிவிட்டேன்.

வியாழன் மத்தியானம் இவர் வந்தார். டீசலும் ஐஸும் மீனும் மணக்க, கையில் ஒரு பாரைத் துண்டு. அவள் என் காலுக்குப் பின்னால் ஒளித்தாள். ஒவ்வொரு முறையும் இப்படித்தான், தகப்பனை முதலில் இருந்து பழக வேண்டும். அவர் கிட்டப் போகவில்லை. நிலத்தில் இருந்துகொண்டு, வலையில் கழன்ற மிதவை ஒன்றை மெல்ல உருட்டிவிட்டார். அவள் திருப்பி உருட்டினாள். பத்துத் தரம் உருட்டிய பிறகு சிரித்தாள்.

நான் மேசையைச் சுவரோடு தள்ளினேன். சட்டையை எடுத்து வந்தேன். "நீங்கள் அந்தக் கதவடியில இருங்கோ" என்று இவரிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது உன் வசனம் என்று என் காதுக்குக் கேட்டது.

அவள் கையை நுழைத்தாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் இந்த முறை பிழைக்கவில்லை. இவர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு இருந்தார். வயிற்றடித் தெறி பூட்டி முடிந்ததும் ஒரு சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினார்.

"இஞ்ச பாரும்! எனக்காக வைச்சிருந்தவள்! நான் வருமட்டும் வைச்சிருந்து பூட்டினவள்!"

"நேத்தும் பூட்டினனான்" என்றாள் மகள்.

இவர் சிரித்தார். "இவளுக்கு எல்லா நாளும் நேத்துத்தான்" என்று அவளைத் தூக்கிக்கொண்டார். உண்மைதான், அவளுக்கு முடிந்துபோனது எல்லாம் நேற்று.

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "ஓமா! எப்ப பழகினவள்?" என்றேன். ஆச்சரியத்தைக் காட்டுவதற்காக நீ அன்று வாயைப் பொத்தினாய் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். உள்ளே இருப்பது வெளியே வந்துவிடாமல் இருக்கத்தான் பொத்துவது. என் கண் கலங்கியதை இவர் கண்டார், சந்தோஷம் என்று நினைத்தார். "உங்களைக் கண்டாப் பிறகுதான் அவளுக்கு மனம் வந்திருக்கு" என்று சொல்லி முடித்தேன்.

இன்று வெள்ளி. சட்டையைத் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறேன். கரையில் நீலப் பட்டை ஒன்று பளிச்சென்று தெரிகிறது. ஒட்டுப் போட்டதா என்று காலையில் ஒழுங்கை அக்கா கேட்டா, இல்லை என்றேன். மூன்றாவது மடிப்பு இன்னும் உள்ளே இருக்கிறது, உன் இரண்டு சுற்றுத் தையலோடு. என்னிடம் மிச்சம் இருப்பது அதுவும், வாயைப் பொத்தும் அந்தப் பழக்கமும்தான்.

உனக்கென்று ஒன்று இருந்தால் தெரியும் என்று சொன்னேன். உனக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. என்னை மன்னித்துக்கொள்ளடி. உன் வாசலில் நின்று கேட்டிருக்க வேண்டியது.

இனி, ஆஸ்பத்திரியில் நீ கேட்டதற்கு மறுமொழி. பெட்டை அன்றைக்கு உன் வாசற்படியில் இருந்து, இரண்டு காலும் சேர்த்து, முதல்முதலாகக் குதித்தாள். ஒரு படிதான். குண்டியடித்து விழுந்தாள். அழவில்லை. எழும்பி, திரும்பப் படியில் ஏறி, பூட்டியிருந்த உன் கதவைப் பார்த்து, நீ கை தட்டுவதற்காகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இன்னொரு தரம் குதித்தாள்.

இப்போது நீ வாயைப் பொத்திக்கொண்டு, எப்போது பழகினவள் என்று கேள். இந்த முறை உனக்கு உண்மையாகவே தெரியாது.